யாரால் தோற்றோம்?



2018ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதிச்சுற்றின் முதல் ஆட்டம் நடைபெற்றது. நமக்கு அது ஜூன் முதல் தேதி, வெள்ளிக்கிழமை காலை. உபவாச ஜெபத்திற்கு ஆயத்தமாக வேண்டிய நாளில் போதகர் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தாரா என்று சிலர் கேட்பீர்கள். ஆட்டம் காலை ஆறரை மணிக்கு; ஜெபம் பத்தரை மணிக்கு. வாலிபர் கூட்டத்தில் இந்த ஆட்டத்தைப் பற்றி நான் சொல்லியிருக்கிறேன். ஆனால் அங்கே நேரமின்றி விட்டுப்போன பகுதியே முக்கியமான பகுதி. அதை இந்த வாரத் தியானத்தில் எழுத விரும்புகிறேன்.

கிளீவ்லாண்ட் கேவலியர்ஸ் அணிக்கும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்கும் இடையே நடந்த ஆட்டம் அது. வாரியர்ஸ் எளிதாக வெல்லும் என்றே அனைவரும் எதிர்பார்த்தனர். ஆனால் லெப்ரான் ஜேம்ஸ் அன்று தனியொருவராக 51 புள்ளிகள் எடுத்தார். ஆட்டம் முடிய 4.7 விநாடிகளே இருந்தபோது கேவலியர்ஸ் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. அவ்வணியின் ஜார்ஜ் ஹில்லுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ வாய்ப்புகள் கிடைத்தன. முதல் எறிவு கூடைக்குள் விழுந்தது. 107க்கு 107 என்று சமன் ஆயிற்று. இரண்டாவது எறிவு விளிம்பில் பட்டுத் தெறித்தது. தெறித்த பந்தை அதே அணியின் ஜே. ஆர். ஸ்மித், தம்மிலும் உயரமானவர்களை முந்திக்கொண்டு பிடித்தார். கூடை அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவரோ பந்தைத் தட்டிக்கொண்டு கூடையைவிட்டு விலகி, மைதானத்தின் நடுக்கோட்டை நோக்கி ஓடினார். தம் அணி முன்னிலையில் இருக்கிறது, நேரத்தைக் கடத்தினால் போதும் என்று நினைத்தவரைப்போல ஓடினார். லெப்ரான் இரு கைகளையும் விரித்துக் கூடையைக் காட்டிக் கூவினார். ஸ்மித் விழித்துக்கொண்டு பந்தை ஹில்லிடம் கொடுப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. கூடுதல் நேரத்தில் வாரியர்ஸ் 124க்கு 114 என்று வென்றது. அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்று, நான்குக்குப் பூச்சியம் என்ற கணக்கில் கோப்பையையும் எடுத்துச் சென்றது.

லெப்ரான் கைகளை விரித்து ஸ்மித்தைப் பார்த்து நிற்கும் அந்தப் படம் அன்றே உலகெங்கும் பரவிற்று. கேலிச் சித்திரமாயிற்று, இன்றும் கைபேசிகளில் சுற்றி வருகிறது. இரண்டு மனிதர்கள், நீட்டிய கை, ஒரு குற்றவாளி. பார்த்தவர் எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆனால் அன்றைய ஆட்டத்தைக் கடைசி ஒரு நிமிடத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். 36.4 விநாடிகள் இருக்கையில் நடுவர்கள் கேவலியர்ஸுக்குச் சாதகமாகக் கொடுத்த ஒரு தீர்ப்பை, காணொளியைத் திரும்பப் பார்த்து மாற்றினார்கள். அதனால் வாரியர்ஸுக்கு இரண்டு புள்ளிகள் கிடைத்தன. ஹில் இரண்டாவது எறிவைத் தவறவிட்டார். பந்து ஸ்மித்தின் கையில் இருந்தபோது அணிக்கு இன்னும் ஒரு டைம் அவுட் மீதம் இருந்தது. தலைமைப் பயிற்சியாளர் டைரன் லூ அதைக் கேட்டிருக்கலாம், களத்தில் நின்ற ஆட்டக்காரர் எவரும் கேட்டிருக்கலாம், லெப்ரானும் கேட்டிருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை. டைம் அவுட் மீதம் இருந்ததென்பதை ஓரத்து இருக்கையில் அமர்ந்தபின் லெப்ரான் கேட்டறிந்து தலையைத் தாழ்த்திக்கொள்ளும் காட்சியும் படமாகியிருக்கிறது. அந்தக் காட்சி முதற்படத்தைப்போல அவ்வளவாகப் பரவவில்லை. அதன்பின் கூடுதல் நேரம் ஐந்து நிமிடங்கள் முழுதாக இருந்தன. அந்த ஐந்து நிமிடங்களில் கேவலியர்ஸ் எடுத்தது ஏழு புள்ளிகள். வாரியர்ஸ் எடுத்ததோ பதினேழு. பிறகு இன்னும் மூன்று ஆட்டங்கள்! அவற்றையும் ஸ்மித்தா தோற்றார்?

அணி தோற்றபின் லெப்ரான் செய்தியாளர்களிடம் வந்தார். ஸ்மித் அப்பொழுது என்ன நினைத்துக்கொண்டிருந்தார், புள்ளி நிலவரம் அவருக்குத் தெரிந்ததா என்று ஒருவர் விடாமல் கேட்டார். தோழனைக் குறித்து ஒரு கடுஞ்சொல்லை வாங்கிவிட வேண்டும் என்பதே அந்தக் கேள்விகளின் நோக்கம் என்று எனக்குத் தோன்றிற்று. லெப்ரான் அதைக் கொடுக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். தொடர் முழுவதும் முடிந்தபின்னரே மற்றொரு செய்தி வெளிவந்தது. அந்த முதல் தோல்வியின் ஆத்திரத்தில் அவர் தம் கையைத் தாமே காயப்படுத்திக்கொண்டிருந்தார். அந்தக் கையோடேயே மீதி மூன்று ஆட்டங்களையும் ஆடியிருந்தார். அப்படியானால் பின்னைய தோல்விகளில் அந்தக் கோபத்திற்கும் ஒரு பங்கு உண்டல்லவா? இதை நான் லெப்ரானைக் குறைசொல்ல எழுதவில்லை. நீட்டிய கை உடையவருக்கும் கணக்கில் ஒரு வரி உண்டு என்பதற்காக எழுதுகிறேன்.

கூடைப்பந்தை உண்டாக்கியவர் ஓர் இறையியல் மாணவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் மான்ட்ரியால் நகரத்துப் பிரஸ்பிடேரியன் கல்லூரியில் இறையியல் பயின்று பட்டம் பெற்றவர். 1891 டிசம்பரில், ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் மாணவர்கள் கூரைக்குக் கீழே ஒருவரையொருவர் இடித்துக் காயப்படுத்தாமல் ஆடத்தக்க விளையாட்டு ஒன்று வேண்டுமென்று அவரிடம் கேட்டார்கள். அவர் இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி, பதின்மூன்று விதிகளை எழுதினார். அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் இவ்விளையாட்டு நம் நாட்டிற்கும் வந்தது. சென்னையில் 1920ஆம் ஆண்டு ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியும், நம்முடைய பழைய மிஷன் பள்ளி மைதானங்களில் இன்றும் நிற்கும் துருப்பிடித்த கூடைத் தூண்களும் அந்த வழியில் வந்தவையே.

நெய்ஸ்மித்தின் விதிகளில் ஒன்று என் மனத்தை அதிகம் தொட்டது. ஓர் அணி, எதிரணி ஒரு தவறும் செய்யாதிருக்கையில், தொடர்ந்து மூன்று தவறுகள் செய்தால், எதிரணிக்கு ஒரு கோல் கணக்கிடப்படும். மூன்றையும் ஒருவரே செய்தாரா, மூவர் ஆளுக்கொன்று செய்தார்களா என்று விதி கேட்பதில்லை. தவறு செய்தவரின் பெயரிலும் எழுதப்படுகிறது. அணியின் பெயரிலும் எழுதப்படுகிறது. இன்றைய விதியிலும் இந்தச் சாயல் உண்டு. என்.பி.ஏ. ஆட்டத்தின் ஒரு கால் பகுதியில் ஓர் அணி நான்கு ஃபவுல்களைச் செய்து முடித்திருந்தால், ஐந்தாவது சிறியதாயினும் எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். ஐந்தாவதைச் செய்தவரைப் பார்த்து அரங்கம் கூச்சலிடும். முதல் நான்கைச் செய்தவர்கள் அவரோடு சேர்ந்து தலையில் கைவைத்து நிற்பார்கள்!

இனி வேதத்திற்கு வருவோம்.

ஒருவனைக் குற்றவாளியாக்கி விலக்குவதை ஆங்கிலத்தில் ஓர் ஆட்டின் பெயரால் சொல்லுகிறார்கள். அந்தச் சொல் லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தின் பாவநிவாரண நாளிலிருந்து பிறந்தது. இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள் கொண்டுவரப்படும். சீட்டுப் போட்டு, ஒன்று கர்த்தருக்கென்று பலியிடப்படும். மற்றொன்று, நம் தமிழ் வேதாகமம் சொல்லுகிறபடி, போக்காடாக வனாந்தரத்துக்கு அனுப்பப்படும். நாமும் போக்காடுகளை அனுப்புகிறவர்கள்தான். ஆனால் நாம் அனுப்புகிற விதத்திற்கும் ஆரோன் அனுப்பின விதத்திற்கும் பெரிய வேறுபாடு உண்டு. அதை அநேகர் கவனிப்பதில்லை.

ஆரோன் அந்த ஆட்டின் தலையில் கைவைப்பதற்கு முன், தனக்காகவும் தன் வீட்டாருக்காகவும் ஒரு காளையைக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஜனங்களின் காரியத்துக்கு வருவதற்கு முன்னே ஆசாரியனின் சொந்தக் கணக்கு தீர்க்கப்பட வேண்டும். அதன்பின் அவன் உயிரோடிருக்கிற கடாவின் தலையின்மேல் இரண்டு கைகளையும் வைத்து, இஸ்ரவேல் ஜனங்கள் அனைவரின் அக்கிரமங்களையும் வாய்விட்டு அறிக்கையிடுவான். அங்கே நின்ற எவனும் அந்த ஆடு குற்றம் செய்தது என்று நினைக்கவில்லை. குற்றம் தங்களுடையது என்று அறிந்தே, கேட்டே, அதை அனுப்பினார்கள். ஆடு மறைந்தபோது அவர்கள் சமாதானம் பெற்றது அறிக்கையினால். நாமோ முறையைத் தலைகீழாக்கிவிட்டோம். காளை இல்லை, அறிக்கை இல்லை. நேராக ஆட்டினிடத்தில் போகிறோம். அதன் தலையில் கைவைத்து, எல்லாம் இதனாலேயே ஆயிற்று என்கிறோம். ஆடு வனாந்தரத்துக்குப் போகிறது. நம்முடைய அக்கிரமமோ நம்மோடு வீட்டிலேயே தங்குகிறது.

அப்படி அனுப்பப்பட்ட மனிதனுக்கு என்ன நேரிடுகிறது? இதற்கு 1995ஆம் ஆண்டின் இறுதிச்சுற்றைவிடத் தெளிவான சான்று கூடைப்பந்தில் எனக்குத் தெரியாது.

ஆர்லாண்டோ மேஜிக் என்ற இளம் அணி, அதற்கு முந்தைய ஆண்டின் வாகையரான ஹியூஸ்டன் ராக்கெட்ஸைத் தன் சொந்த அரங்கில் சந்தித்தது. நிக் ஆண்டர்சன் அந்த அணியின் மூத்த பிள்ளை. 1989இல் அணி தொடங்கியபோது முதன்முதல் தெரிவு செய்யப்பட்ட இளைஞர் அவரே. 1995ஆம் ஆண்டு மே மாதத்தில், சிகாகோ புல்ஸுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் மைக்கேல் ஜோர்டானின் கையிலிருந்த பந்தைப் பின்னாலிருந்து தட்டிப் பறித்து, அணிக்கு வெற்றியைத் தேடித் தந்தவரும் அவரே. ஜூன் 7ஆம் தேதி, இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில் மேஜிக் மூன்று புள்ளிகள் முன்னிலையில் இருந்தது, மீதமிருந்தது 10.5 விநாடிகள். ஆண்டர்சனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்று விழுந்தாலும் ஆட்டம் ஏறக்குறைய முடிந்த மாதிரிதான். இரண்டும் தவறின. தெறித்த பந்தை அவரே பாய்ந்து பிடித்தார், மீண்டும் ஃபவுல், மீண்டும் இரண்டு எறிவுகள். அவையும் தவறின. மறுபக்கத்தில் கென்னி ஸ்மித் மூன்று புள்ளி எறிவைப் போட்டுச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் ஹக்கீம் ஒலாஜுவான் பந்தைத் தட்டிப் போட, 120க்கு 118 என்று ராக்கெட்ஸ் வென்றது. அந்தத் தொடரும் நான்குக்குப் பூச்சியம்.

அன்று இரண்டாம் கால் பகுதியில் மேஜிக் இருபது புள்ளிகள் முன்னிலையில் இருந்தது என்பதை இப்போது யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அந்த இருபதும் எங்கே போயின? அவற்றை ஒரு மனிதன் நான்கு எறிவில் தொலைக்க முடியாது. அவை சிறிது சிறிதாக, பலர் கையிலிருந்து, இரண்டரைக் கால் பகுதிகளில் ஒழுகிப்போயின. ஒழுகினதை யாரும் படம் எடுப்பதில்லை. கவிழ்ந்ததையே எடுக்கிறார்கள்.

இரசிகர்கள் அவருக்குச் செங்கல் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கூடைப்பந்துப் பேச்சில் விழாத எறிவுக்குச் செங்கல் என்று பெயர். அதற்கு முன் பத்துக்கு ஏழு எறிவுகளைக் கூடையில் சேர்த்து வந்த ஆண்டர்சன், 1996-97 பருவத்தில் நூற்றுக்கு நாற்பதளவே சேர்த்தார். கையில் பலம் குறையவில்லை. கோட்டின் முன் நிற்கும்போதெல்லாம் அவர் அந்த இரவில் நின்றார். அந்த நான்கு எறிவுகள் தம் மனத்தை எவ்வளவு வருத்தின என்று பின்னாட்களில் அவரே பேசியிருக்கிறார். ஆறுதலான செய்தியும் ஒன்று உண்டு: விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்றபின் அதே அணியே அவரைத் தன் மக்கள் தொடர்புப் பணிக்கு அழைத்துக்கொண்டது.

விளையாட்டுத்தானே, இதற்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்காக, விளையாட்டல்லாத ஓரிடத்துக்கு வருகிறேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் துக்க வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். நான் அங்கே அதிகம் கேட்ட கேள்வி, தேவன் ஏன் இப்படிச் செய்தார் என்பதல்ல. யார் தாமதம் பண்ணினது என்பதே. எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னது யார், வேண்டாம் என்றது யார், கைபேசியை எடுக்காதது யார். பெட்டி வீட்டைவிட்டு இறங்கும் முன்னே விசாரணை தொடங்கிவிடும்; கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்புவதற்குள் தீர்ப்பும் எழுதப்பட்டுவிடும். பெரும்பாலும் அது அந்த வீட்டில் எதிர்த்துப் பேசத் தெரியாதவர் ஒருவரின்மேல் எழுதப்படும்.

ஒரு குடும்பத்தில் தகப்பனார் மாரடைப்பினால் மரித்தார். வெளியூரில் வேலை பார்த்த மூத்த மகன், உடன் இருந்த இளையவனைக் குற்றப்படுத்தினார். காலையிலேயே நெஞ்சு வலிக்கிறது என்று அப்பா சொல்லியிருக்கிறார், நீ மத்தியானம் வரைக்கும் என்ன பண்ணிக்கொண்டிருந்தாய் என்பதே கேள்வி. ஆண்டுகள் கடந்தன. ஒரே சபையில், ஒருவர் முதல் ஆராதனைக்கும் மற்றவர் இரண்டாம் ஆராதனைக்கும் வந்தார்கள். தகப்பனாரின் நினைவு நாள் ஜெபத்துக்கு இருவரும் வந்தே ஆகவேண்டிய ஒரு வருடத்தில், நான் ஜெபத்தை முடித்து எழும்போது, அதுவரை ஒன்றும் பேசாதிருந்த அந்தத் தாயார் மூத்த மகனைப் பார்த்துச் சொன்னார்கள்: "அன்னைக்குக் காலையில வாயுத்தொல்லைன்னு நெனச்சு ஓமத்தண்ணி குடுத்துப் படுக்க வச்சது நான்தாம்ல. அவன் ஆட்டோ கூப்பிடட்டான்னுதான் கேட்டான். நான்தான் வேண்டாம்னேன். இத்தன வருசமா நீ அவனக் கேக்க, நானும் வாயத் தொறக்கல."

அறையில் ஒருவரும் அசையவில்லை. அதன்பின் மூத்தவர், தரையைப் பார்த்தபடியே, முந்தின இரவு அப்பா தமக்குப் போன் செய்ததாகவும், வேலையாயிருந்தபடியால் நாளைக்குப் பேசுகிறேன் என்று வைத்துவிட்டதாகவும் சொன்னார். அதை அவர் எவரிடத்திலும் சொன்னதில்லை. அத்தனை ஆண்டுகளாகத் தம்பியை நோக்கி நீட்டிய கைக்குப் பின்னால் அந்தத் தொலைபேசி அழைப்பு இருந்தது. அன்று அவர் தம்பியோடு பேசவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. காப்பி கொண்டுவந்தார்கள், இருவரும் குடித்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை அந்தத் தாயார் சொல்லி முடித்திருந்தார்கள்.

அந்தத் தாயாரின் சொல்லை நினைக்கும்போதெல்லாம் யோனா ஏறின கப்பலில் இருந்தவர்கள் என் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அங்கே குற்றம் மெய்யாகவே ஒருவனுடையது. சீட்டு அவன் பேரில் விழுந்தது, அவனும் மறைக்கவில்லை, என்னைக் கடலில் போட்டுவிடுங்கள் என்று அவனே சொன்னான். சான்று, ஒப்புதல், தண்டனை எல்லாம் ஆயத்தம். ஆயினும் அந்தப் புறஜாதி மாலுமிகள் உடனே அவனைத் தூக்கவில்லை. கப்பலைக் கரைசேர்க்கும்படிக்கு இன்னும் ஒரு தரம் வேகமாய்த் தண்டுவலித்தார்கள். குற்றவாளி யாரென்று தெரிந்தபின்னும் அவனுக்காக வலித்த கைகள் அவை. அவர்களால் முடியவில்லை என்பது வேறு. முடியாமற்போகும்வரை வலித்தார்கள். பிறகும் குற்றமற்ற இரத்தப்பழி தங்கள்மேல் வராதபடி மன்றாடியபின்னரே அவனை எடுத்துப் போட்டார்கள். நாமோ சீட்டு விழுவதற்கு முன்னே தூக்குகிறோம்.

குற்றத்தைப் பெயர்சொல்லிப் பேசக்கூடாது என்று நான் சொல்வதாக எண்ணவேண்டாம். பயிற்சியாளர் மறுநாள் ஒளிப்படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டி, இங்கே நீ புள்ளி நிலவரத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லத்தான் வேண்டும். அப்படிச் சொல்லாத அணி அடுத்த ஆட்டத்தையும் அதே விதமாய்த் தோற்கும். சபையில் பணக்கணக்கு தவறினால் பொருளாளரைக் கேட்கத்தான் வேண்டும். அன்பின் பெயரால் கேளாமலிருப்பது அன்பல்ல, சோம்பல். ஆண்டவர் பேதுருவை மூன்று தரம் கேட்டார். கேட்டது கரையில், தாமே மூட்டிய கரிநெருப்பின் அருகில், தாமே கொடுத்த மீனையும் அப்பத்தையும் அவன் உண்டபின். கேட்டு முடித்ததும் ஆடுகளை அவன் கையில் கொடுத்தார். அறைக்குள், சாப்பிட்டபின், வேலையைத் திரும்பக் கொடுப்பதற்காகக் கேட்கிற கேள்வி ஒன்று. வாசலுக்கு வெளியே, பிறர் பார்க்க, வேலையைப் பறிப்பதற்காகக் கேட்கிற கேள்வி மற்றொன்று. சொற்கள் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கக்கூடும்.

பதினெட்டு வயதுக் கோபி பிரயன்டுக்கு 1997 மே மாதத்தில் கிடைத்தது முதல் வகை. லேக்கர்ஸ் அணி யூட்டா ஜாஸிடம் தோற்று வெளியேறிய ஆட்டத்தில், ஆட்டத்தின் முடிவிலும் கூடுதல் நேரத்திலுமாக அவர் எறிந்த நான்கு பந்துகள் கூடையின் விளிம்பைக்கூடத் தொடவில்லை. அரங்கம் சிரித்தது. ஷகீல் ஓ'நீல் வந்து அந்தச் சிறுவனின் தோளில் கைபோட்டார். அந்த நேரத்தில் எறியத் துணிந்தவன் இவன் ஒருவனே என்று பின்னர் சொன்னார். ஓ'நீலும் அன்று ஆறு ஃபவுல்கள் செய்து வெளியேற்றப்பட்டிருந்தார். எறியவேண்டிய வேளையில் களத்தில் இல்லாதவர். தம் வரி எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். இந்த இருவருமே பின்னாளில் ஒருவரையொருவர் வெளிப்படையாகக் குற்றம்சாட்டிப் பிரிந்தார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. ஒரு நாள் தோளில் போட்ட கை எல்லா நாளுக்கும் போதுமானதாக இருப்பதில்லை.

ஸ்மித்துக்கும் லெப்ரானுக்கும் என்ன ஆயிற்று என்று வாலிபர் ஒருவர் கேட்டார். அந்த ஆட்டத்தின் அடுத்த பருவத்தில் ஸ்மித் பதினோரு ஆட்டங்களோடு கேவலியர்ஸைவிட்டு விலகினார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் எந்த அணிக்கும் ஆடவில்லை. 2020ஆம் ஆண்டு, கொரோனா காலத்தில் நிறுத்தப்பட்ட ஆட்டங்கள் மீண்டும் தொடங்கியபோது, லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்த அணியின் தலைவர் லெப்ரான் ஜேம்ஸ். அந்த ஆண்டு அவர்கள் கோப்பையை வென்றார்கள்.

வேதத்திலும் இப்படி இடைவெளிவிட்டுத் தொடரும் ஒரு கதை உண்டு. மாற்கு என்னும் யோவான் பம்பிலியாவிலே ஊழியத்தின் பாதியில் பவுலையும் பர்னபாவையும் விட்டுத் திரும்பிப்போனான். காரணத்தை வேதம் சொல்லவில்லை. அடுத்த பயணத்துக்கு அவனை அழைத்துப்போகலாம் என்றார் பர்னபா. பாதியில் விட்டவனை அழைத்துப்போகலாகாது என்றார் பவுல். அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தின்படி, கடுங்கோபம் மூண்டு இருவரும் பிரிந்தார்கள். பவுல் சீலாவோடு சீரியா வழியாகப் போனார். பர்னபா மாற்குவை அழைத்துக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறினார். அதன்பின் அப்போஸ்தலருடைய நடபடிகள் பர்னபாவைப் பின்தொடரவில்லை. அந்தத் தீவில் அவர் அந்த வாலிபனுக்கு என்ன சொன்னார், எத்தனை நாள் பொறுத்தார் என்பதெல்லாம் எழுதப்படவில்லை. பர்னபாவுக்கு மாற்கு இனத்தான் என்று கொலோசெயரில் வாசிக்கிறோம். ஆகையால் இது உறவுப்பாசம் என்று அன்று சிலர் முணுமுணுத்திருக்கவும் கூடும்.

வருடங்கள் கழித்து, மரணம் சமீபித்திருக்கிற சிறைவாசியாகப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். தேமா விட்டுப் போய்விட்டான், லூக்கா மாத்திரம் உடன் இருக்கிறான். குளிர்காலம் வருகிறது. வரும்போது கொண்டுவர வேண்டியவற்றைச் சொல்லுகிறார்: துரோவாவில் கார்ப்புவின் வீட்டில் வைத்துவந்த மேலங்கி, புஸ்தகங்கள், முக்கியமாகத் தோற்சுருள்கள். இவற்றுக்கு முன்னே ஒரு பெயரைக் குறிப்பிட்டு, அவனையும் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்துக்கு அவன் எனக்குப் பயனுள்ளவன் என்கிறார். அந்தப் பெயர் மாற்கு.